தன்பாலினத் திருமணமும் மத உரிமையும்: மோதல் எந்த இடத்தில்?

தன்பாலினத் திருமணம் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் பாளையங்கோட்டைப் பக்கம் முதலில் வரும் கேள்வி இதுதான்: "நாளைக்கு அப்படி ஒரு சட்டம் வந்துட்டுன்னா, எங்க ஐயரு கோயில்ல வச்சு அந்தக் கல்யாணத்தை நடத்தியே ஆகணுமா?" வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: இங்கே சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்போம், சர்ச்சைக் கோயில் என்போம். மேலப்பாளையத்தில் இதே கேள்வி ஜமாஅத்தையும், பள்ளிவாசல் இமாமான அஜரத்தையும் வைத்து வரும். டவுனில் குருக்களை வைத்து வரும்.

கேட்கிறவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பயம் உண்மையானது. ஆனால் சண்டை பெரும்பாலும் நடப்பது அந்த இடத்தில் இல்லை. பலிபீடத்துக்கு முன்னால் நடப்பதைவிட, பதிவு அலுவலக மேசையிலும் கடை வாசலிலும் மண்டப வாடகையிலும்தான் இந்த இரண்டு உரிமைகளும் முட்டிக்கொள்கின்றன. அதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம் ஊர்க் கல்யாணத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன. ஒன்று சடங்கு. மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது (மணமக்கள் பெயரைச் சபையில் அறிவிப்பது), தாலி கட்டுவது, நிக்காஹ் ஓதுவது, தீ வலம் வருவது எல்லாம் இதில் சேரும். இன்னொன்று பதிவு. வாரிசுரிமை, ஓய்வூதியம், பாஸ்போர்ட்டில் துணையின் பெயர், ஆஸ்பத்திரியில் "நீங்க யாரு?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில், இவையெல்லாம் வருவது பதிவிலிருந்துதான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டம் எந்த மதத்துக் கல்யாணமானாலும் பதிவைக் கட்டாயமாக்கியது. தன்பால் இணையர் அரசிடம் கேட்பது இந்த இரண்டாவதை. மத அமைப்புகள் காக்க நினைப்பது முதலாவதை. இரண்டையும் தனித்தனியாக வைத்தால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும்.

மீதிப் பாதி ஏன் அவிழவில்லை என்றால், நம் சட்டங்கள் இரண்டையும் சேர்த்தே முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி, கோயிலில் திருமணம் நடத்திவைக்கிற குருவானவர் சபைக்கு மட்டும் வேலை செய்யவில்லை. அவர் எழுதும் பதிவேடு சட்டப்படியான ஆவணம். வெஸ்ட்ரி அறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் சாட்சிகளும் கையெழுத்துப் போடும் அந்த நேரத்தில் அவர் பாதி போதகர், பாதி அரசு எழுத்தர். ஜமாஅத்தின் பதிவேடான தப்தரில் ஏறும் பெயர்களுக்கும் இப்படி இரட்டை மதிப்பு உண்டு. "எங்க ஐயரைக் கட்டாயப்படுத்துவாங்களோ" என்கிற பயத்தின் வேர் இங்கே இருக்கிறது.

நம் மாநிலத்தில் இந்த முடிச்சை ஒரு பக்கம் ஏற்கெனவே அவிழ்த்திருக்கிறார்கள். அண்ணா ஆட்சியில் 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. புரோகிதர் வேண்டாம், தீ வேண்டாம். சாட்சிகள் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் திருமணம் செல்லும். இதனால் எந்தப் புரோகிதரும் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைக்கக் கட்டாயப்படுத்தப்படவில்லை, வைதிக முறைக் கல்யாணங்களும் நின்றுபோகவில்லை. இரண்டும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே குடும்பத்திலேயே நடக்கின்றன.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? 25ஆம் பிரிவு எல்லோருக்கும் மனச்சாட்சிச் சுதந்திரமும், மதத்தைக் கடைப்பிடிக்க, பரப்ப உரிமையும் தருகிறது. 26ஆம் பிரிவு மத உட்பிரிவுகள் தங்கள் சமயக் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள விடுகிறது. ஆனால் 25ஆம் பிரிவு "உட்பட்டு" என்றுதான் தொடங்குகிறது: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், அதோடு மற்ற அடிப்படை உரிமைகள். இன்னொரு பக்கம் 14, 15, 21 ஆகிய பிரிவுகள் சமத்துவத்தையும் கண்ணியமான வாழ்வையும் பேசுகின்றன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மனமொத்த வயதுவந்தவர்களின் தன்பாலுறவு குற்றமில்லை என்று சொன்னது இவற்றை வைத்துத்தான்.

சமயக் காரியம் எது, உலகக் காரியம் எது என்று கோடு போடுவது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த தமிழகச் சட்டத்தை எதிர்த்த வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? அர்ச்சகரை நியமிப்பது உலகக் காரியம், அரசு கை வைக்கலாம். அவர் எப்படிப் பூசை செய்கிறார் என்பது சமயக் காரியம், ஆகமப்படிதான் நடக்கவேண்டும். அந்தக் கோடு சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஒரே ஆளின் வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்க்கலாம் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். சட்டம் மாறிய நாடுகளில் போதகர்களை என்ன செய்தார்கள்? இங்கிலாந்தும் வேல்ஸும் 2013இல் சட்டம் போட்டபோது நான்கு பூட்டுகள் போட்டன. எந்தச் சபையையும், எந்தத் தனிப் போதகரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒரு மத அமைப்பு தானாக முன்வந்தால்தான் அங்கே நடத்தலாம். மறுத்த போதகர்மேல் பாகுபாட்டு வழக்குப் போட முடியாதபடி சமத்துவச் சட்டமும் திருத்தப்பட்டது. நான்காவது பூட்டு வேடிக்கையானது: இங்கிலாந்துத் திருச்சபையும் வேல்ஸ் திருச்சபையும் நடத்தவே கூடாது என்று சட்டமே தடுத்தது. அங்கே ஒரு பங்கில், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரத்தில், குடியிருப்பவருக்கு அந்தப் பங்குக் கோயிலில் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டப்படியே பழைய உரிமை உண்டு. அதனால்தான் தனித் தடை தேவைப்பட்டது. டென்மார்க் 2012இல் வேறு வழி பிடித்தது. அங்கே அரசுத் திருச்சபையில் தன்பால் இணையர் மணமுடிக்கலாம், ஆனால் குறிப்பிட்ட ஒரு போதகர் மனச்சாட்சியைச் சொல்லி விலகிக்கொள்ளலாம்.

ஆகவே, பீடத்துக்கு முன் நிற்பவரைப் பற்றிய கவலையைச் சட்டத்தில் ஒரு வரி எழுதித் தீர்க்கலாம். அடுத்து வருவதுதான் கஷ்டம்.

பதிவு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஊழியருக்கும் மதம் உண்டு. லண்டனில் இஸ்லிங்டன் பகுதியில் ஒரு பெண் பதிவாளர் இருந்தார், பக்தியுள்ள கிறிஸ்தவர். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது தன்பால் இணையரைப் பதியும் சட்டமே இல்லை. நடுவில் சட்டம் வந்தது, அவர் மறுத்தார், வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2013 ஜனவரியில் தோற்றது. இவர் பக்கம் எனக்கு இரக்கம் உண்டு. விளையாட்டின் நடுவே விதியை மாற்றினார்கள் என்று அவர் நினைத்திருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர் இல்லை, அரசு.

அமெரிக்காவில் 2015 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தன்பாலினத் திருமண உரிமையை ஏற்றது. கென்டக்கி மாநிலத்தில் கிம் டேவிஸ் என்ற மாவட்ட எழுத்தர் யாருக்குமே திருமண உரிமம் தரமாட்டேன் என்று நின்றார். தனக்குக் கீழே இருந்தவர்களையும் தரவிடவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காகச் சில நாள் சிறையில் இருந்தார். அப்புறம் அந்த மாநிலம் உரிமப் படிவத்திலிருந்து எழுத்தரின் பெயரையே எடுத்துவிட்டது. அவருடைய மனக்குறையில் பெரும் பங்கு தன் பெயர் அந்தத் தாளில் இருந்ததுதான். காலியிடம் நிரப்பும் ஒரு தாளை மாற்றினால் தீர்கிற சண்டையும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் நடந்தது வேறு. 2006இல் சட்டம் கொண்டுவந்தபோது, மனச்சாட்சி ஒப்பாத அரசு அலுவலர் விலகிக்கொள்ளலாம் என்று சலுகை வைத்தார்கள். விளைவு, பல அலுவலகங்களில் பதிந்து தர ஆளே இல்லை. 2020இல் அந்தச் சலுகையை நீக்கினார்கள். பெரிய நகரத்தில் பத்துப் பேரில் ஒருவர் விலகினால் ஒன்பது பேர் இருப்பார்கள். ஒரே ஒரு சார்பதிவாளர் இருக்கும் ஊரில் அவருடைய விலகல் ஒரு வட்டாரத்துக்கே கதவடைப்பு.

கடைகள் விஷயம் இதைவிட நுணுக்கமானது. உலகப் பத்திரிகைகளில் இது 'கேக் வழக்கு' என்ற பெயரில் பிரபலம். நம் ஊரில் கேக்கை விட்டுவிட்டு பிளெக்ஸை எடுத்துக்கொள்வோம். நெல்லையில் பிளெக்ஸ் இல்லாத கல்யாணம் உண்டா? நண்பர்கள் இருபது பேர் தலையும், "சிக்கிட்டான்யா மாப்ள" என்று நாலு வரி நக்கலும் இல்லாமல் மண்டப வாசல் நிறையாது.

இரண்டு பெண்கள் ஒரு பிளெக்ஸ் கடைக்கு வந்து, தங்கள் படத்தைப் போட்டு வாழ்த்துப் பதாகை கேட்கிறார்கள். கடைக்கார அண்ணாச்சி மறுக்கிறார். இது ஒரு வகை. வேறொருவர் வந்து, "தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கு" என்று அச்சடித்துத் தரச் சொல்கிறார். அண்ணாச்சி இதையும் மறுக்கிறார். இது இன்னொரு வகை. முதலில் மறுக்கப்பட்டது ஆள். இரண்டாவதில் மறுக்கப்பட்டது வாசகம், அதைக் கேட்டு வந்தவர் யாராக இருந்தாலும் அண்ணாச்சி அதையே சொல்லியிருப்பார்.

பெல்ஃபாஸ்ட் நகரில் 2014இல் நடந்தது இந்த இரண்டாவது வகைதான். ஆஷர்ஸ் என்ற பேக்கரியில் 36.50 பவுண்டுக்கு ஒருவர் கேக் சொன்னார், மேலே தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் வேண்டும் என்றார். பேக்கரி மறுத்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. கீழ் நீதிமன்றங்கள் பேக்கரிக்கு எதிராகச் சொல்ல, பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 10 அன்று ஒருமனதாகப் பேக்கரி பக்கம் நின்றது. அவர்கள் மறுத்தது வாடிக்கையாளரை இல்லை, செய்தியை என்பதுதான் காரணம். அதே நீதிமன்றம் 2013இல், ஒரு ஆண் இணையருக்குத் தங்கள் விடுதியில் இரட்டைப் படுக்கை அறை தர மறுத்த கிறிஸ்தவத் தம்பதிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கட்டில் எந்தக் கருத்தையும் சொல்வதில்லை.

அமெரிக்காவில் கோடு இவ்வளவு தெளிவாக இல்லை. தன்பால் இணையருக்குத் திருமணக் கேக் செய்ய மறுத்த கொலராடோ கடைக்காரர் 2018 ஜூனில் 7-2 என்று ஜெயித்தார். ஆனால் மாநில ஆணையம் அவருடைய மதத்தை இளக்காரமாகப் பேசியது தப்பு என்ற காரணத்துக்காகத்தான். பொதுவான விதி எதுவும் அதில் பிறக்கவில்லை. 2023 ஜூனில் திருமண இணையதளம் வடிவமைக்கும் ஒருவர் 6-3 என்று ஜெயித்தார். அவர் ஜெயித்தது மத உரிமையால்கூட இல்லை, பேச்சுரிமையால். படைப்பைக் கட்டாயப்படுத்தி எழுதவைக்க முடியாது என்றது பெரும்பான்மை.

இதை நம் பந்தலுக்குக் கொண்டுவந்தால்? சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவர் எந்தக் கருத்தையும் சொல்லவில்லை. மறுவீட்டுக்குச் சொதி வைக்கிற சமையல் மாஸ்டரும் அப்படியே. தேங்காய்ப்பாலுக்கு மதக் கொள்கை கிடையாது. நாதஸ்வரக்காரர்? போட்டோகிராபர்? மணமக்களை நிற்க வைத்து, சிரிக்க வைத்து, அதை ஒரு காதல் கதையாக ஆல்பம் போடுகிறவர் வெறும் வாடகைக்காரர் இல்லை. இங்கே எனக்கே உறுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: "என் தொழில் கலை" என்ற வாதத்தை நீட்டிக்கொண்டே போனால் கடைசியில் வாழையிலை நறுக்குகிறவரும் கலைஞர் ஆகிவிடுவார். அப்போது ஊரில் எந்தக் கடையும் எந்தச் சாதிக்காரரையும் எந்த மதத்தவரையும் அதே வாதத்தால் திருப்பி அனுப்பலாம். இந்த மாவட்டத்தில் அது கற்பனை இல்லை, தாத்தாக்கள் பார்த்தது.

இந்தியாவில் இன்றைய நிலை என்ன என்று கேட்டால், 15ஆம் பிரிவு கடை, உணவகம், விடுதிகளில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் திருநர்களுக்குச் சேவை மறுப்பதைத் தடை செய்கிறது. தன்பால் இணையருக்கென்று தனியார் கடைகளைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. பிளெக்ஸ் அண்ணாச்சி இன்றைக்கு மறுத்தால் அந்தப் பெண்கள் அடுத்த கடைக்குப் போகவேண்டியதுதான்.

மண்டபத்துக்கு ஒரே ஒரு உதாரணம். நியூ ஜெர்சியில் ஓஷன் குரோவ் என்ற கடற்கரை ஊரில் ஒரு மெதடிஸ்ட் அமைப்புக்குச் சொந்தமான திறந்த மண்டபம் இருந்தது. எல்லோருக்கும் திறந்திருக்கும் என்று சொல்லி அதற்கு வரிச்சலுகையும் வாங்கியிருந்தார்கள். 2007இல் இரண்டு பெண்களுக்கு மட்டும் தரமாட்டோம் என்றதும் மண்டபத்துக்கான வரிச்சலுகை போனது. சபையார் மட்டும் பயன்படுத்தும் இடமாக வைத்திருந்தால் கதை வேறு. நம் பக்கத்தில் கோயில் பெயரிலும் ஜமாஅத் பெயரிலும் சமுதாயத்தின் பெயரிலும் எத்தனை மண்டபங்கள்! முகூர்த்த நாளில் யார் அட்வான்ஸ் கொடுத்தாலும் சாவி கொடுப்பவை எவை, தங்கள் ஆட்களுக்கு மட்டும் என்று இருப்பவை எவை என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

இதுவரை சொன்னதைப் படித்தால், மத உரிமை ஒரு பக்கம், தன்பால் இணையர் எதிர்ப்பக்கம் என்ற எண்ணம் வரும். இங்கேதான் பெரும்பாலான விளக்கங்கள் கோட்டைவிடுகின்றன. மத உரிமை எதிர்க்கிறவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து இல்லை.

கனடாவில் டொராண்டோ நகரத்து மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச், அரசிடம் உரிமம் கேட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், நம் கோயில்களில் நடக்கும் அதே ஓலை வாசிப்பைக் கையில் எடுத்தது. ஞாயிறு ஆராதனையில் பெயர்களை வாசித்தால் அங்கே உரிமம் தேவையில்லை. 2001 ஜனவரி 14 அன்று இரண்டு தன்பால் இணையருக்குத் திருமணம் நடந்தது. நடத்திவைத்த போதகர் அங்கிக்குள் குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தார். அரசு பதிய மறுத்தது. 2003 ஜூன் 10 அன்று ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திருமணங்கள் செல்லும் என்றது, ஆனால் சமத்துவத்தின் பேரில். "எங்கள் சபையின் மத உரிமை மீறப்பட்டது" என்ற வாதத்தை ஏற்கவில்லை. பிரிட்டனில் குவேக்கர் சபையார் 2009லேயே தன்பாலினத் திருமணங்களை நடத்த முடிவெடுத்துவிட்டார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அவர்களைத் தடுத்து வைத்திருந்தது அரசின் சட்டம்தான்.

டொராண்டோவில் தோற்ற அந்த வாதம் ஜெயித்தது எங்கே தெரியுமா? 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில். 2018 அக்டோபர் 31 அன்று அங்குள்ள சங்கர ராமேஸ்வரர் கோயிலில் ஒரு இளைஞருக்கும் ஒரு திருநங்கைக்கும் திருமணம் நடந்தது. கோயில் தரப்பு அதை எழுதித்தர முன்வரவில்லை. கிராம நிர்வாக அலுவலர் சான்று தந்தார். ஆனாலும் பதிவாளர் மறுத்தார், மாவட்டப் பதிவாளரும் அதையே சரி என்றார். வழக்கு மதுரைக் கிளைக்குப் போனது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணமகள் என்பதில் திருநங்கையும் அடங்குவார், பதிவு செய்து கொடுங்கள் என்று உத்தரவிட்டார். அதோடு நிற்கவில்லை. இருவரும் இந்துக்கள், கோயிலில் வைத்துச் சடங்கோடு மணமுடித்தவர்கள், ஆகவே பதிய மறுத்தது அவர்களுடைய 25ஆம் பிரிவு உரிமையையும் மீறியது என்றார்.

இது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடந்த திருமணம் என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தன்பாலினத் திருமணத்துக்கு இதை அப்படியே முன்னுதாரணமாக்க முடியாது. ஆனால் மத உரிமையைப் பேசிக்கொண்டு மணமக்களே நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற கதவு நம் பக்கத்து ஊரில்தான் திறந்தது.

தன்பாலினத் திருமணத்துக்கான நேரடி வழக்கு 2023இல் உச்ச நீதிமன்றத்தில் நடந்தது. ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏப்ரலில் விசாரணையைத் தொடங்கும்போதே, மதம் சார்ந்த தனிச் சட்டங்களுக்குள் போகமாட்டோம், 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை மட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டது. அந்தச் சட்டம் மதம் கேட்காது. ஆகவே எந்தக் குருக்களும் எந்த ஐயரும் இந்த வழக்கில் சம்பந்தப்படவே இல்லை. அப்படியும் மத அமைப்புகள் எதிர்த்தன, ஜமியத் உலமா-இ-ஹிந்த் அதில் ஒன்று. இது நகரத்து மேல்தட்டின் ஆசை என்று ஒன்றிய அரசு வாதிட்டது. அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு: திருமணம் அடிப்படை உரிமை இல்லை, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை. ஆண்-பெண் உறவில் இருக்கும் திருநர்கள் இருக்கிற சட்டங்களின்படி மணமுடிக்கலாம் என்பதை மட்டும் ஐவரும் ஒப்புக்கொண்டார்கள். 'மேல்தட்டு' வாதத்தைத் தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் ஏற்கவில்லை. தென்மாவட்டத்து ஊர்களில் வாழ்கிற யாரும் அதை ஏற்கமாட்டார்கள். வெளியே சொல்லாமல் வாழ்வதால் இல்லை என்று ஆகிவிடுமா?

மறுசீராய்வு மனுக்கள் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. இடையில் சின்னச் சின்னக் கதவுகள் திறந்தன. சேர்ந்து வாழும் இணையரை ஒரே ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகச் சேர்க்கலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்று 2024இல் ஒன்றிய அரசு தெளிவாக்கியது. குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் குடும்பமே என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதே நீதிபதி சுவாமிநாதன் அந்த அமர்விலும் இருந்தார்.

நாளை நாடாளுமன்றம் சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தினாலும் கோயில், பள்ளிவாசல், சர்ச் எதுவும் அசையாது. ஆனால் அந்தச் சட்டத்தில் இன்னொரு பழைய முள் உண்டு. திருமணத்துக்கு 30 நாள் முன்னால் அறிவிப்புக் கொடுக்கவேண்டும், அது பதிவு அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். வயது, முந்தைய திருமணம், தடை செய்யப்பட்ட உறவுமுறை போன்ற சட்டக் காரணங்களை வைத்துத்தான் ஆட்சேபிக்கலாம். "எங்கள் மதம் ஒப்பாது" என்பது காரணமாகாது. ஆனால் அந்தத் தாளைப் படிக்க வருகிறவர் ஆட்சேபணை மனு எழுதவா வருகிறார்? சாதி மாறிக் காதலித்தவர்கள் இந்தத் தாளுக்குப் பயந்தே வேறு வழிகளில் மணமுடிக்கிறார்கள். இரண்டு பெண்களின் பெயர் அதில் ஒட்டப்பட்டால் தகவல் முதலில் போய்ச் சேருவது எந்தப் பேராயருக்கும் ஆதீனத்துக்கும் இல்லை, அவர்கள் தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும்தான்.